எவல்யூஷன் உண்மைன்னா நல்லது கெட்டது எங்கிருந்து வந்துச்சு?

நெல்லைவாலிபன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையா படிங்க. நான் எம்.எஸ்சி ஜூவாலஜி படிக்கிறேன், எங்க சர்ச்ல வாலிபர் கூடுகை நடத்துற டீம்லயும் இருக்கேன். போன மாசம் வெளியூர்ல இருந்து ஒரு அண்ணன் செய்தி குடுக்க வந்தாரு. பூமிக்கு எத்தனை வயசு, ஃபாசில் என்ன சொல்லுது, அதெல்லாம் அவரு தொடவே இல்ல, நேரா விஷயத்துக்கு வந்துட்டாரு. புலி மானை அடிச்சா அது பாவம்னு யாரும் சொல்றதில்ல, நீயும் மிருகத்துல இருந்து வந்தவன்தான்னா நீ ஒருத்தனை அடிச்சா மட்டும் எப்படிப் பாவமாகும், படைச்சவர் ஒருத்தர் இருந்தாதான் சரி தப்புன்னு ஒண்ணு இருக்க முடியும், எவல்யூஷனை ஏத்துக்கிட்டா அந்த அஸ்திவாரமே போச்சு, இதான் அவரு பேசினதோட சாரம்.

முடிஞ்சதும் பிளஸ் டூ பசங்க சில பேர் என்கிட்ட வந்து "அண்ணா நீங்க ஜூவாலஜிதானே படிக்கிறீங்க, நீங்க சொல்லுங்க"ன்னு நின்னுட்டாங்க. அடுத்த வாரம் பேசுவோம்னு அனுப்பிட்டேன். காலேஜ்ல எங்க சார்கிட்ட கேட்டேன், சயின்ஸ் வேற ஒழுக்கம் வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பாதேன்னு ஒரே வரில முடிச்சிட்டாரு. எனக்கு அது போதல, ஏன்னா டார்வினே ஒழுக்க உணர்வைப் பத்தி பக்கம் பக்கமா எழுதியிருக்காருன்னு தெரியும், அப்புறம் எப்படி ரெண்டும் வேற வேறன்னு தள்ளிவிட முடியும்?

நான் கேக்குறது இதுதான். மனுஷனுக்கு நல்லது கெட்டதுங்கற உணர்வு எப்படி வந்துச்சுன்னு எவல்யூஷனால விளக்க முடியுமா? முடியும்னா, அப்படி வந்த ஒண்ணுக்கு நான் ஏன் கட்டுப்படணும்? அந்த அண்ணன் சொன்ன பயத்துல ஏதாவது நியாயம் இருக்கா? தயவுசெஞ்சு சாமியைக் கும்பிடுறவங்களையும் கேலி பண்ண வேண்டாம், சயின்ஸையும் கேலி பண்ண வேண்டாம், எனக்கு ரெண்டும் வேணும்.

உயிரியல்டீச்சர்:

தம்பி நல்ல கேள்வி. நான் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன், மத்ததை விஷயம் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

டார்வின் 1859ல எழுதின புக்ல மனுஷனைப் பத்தி கிட்டத்தட்ட எதுவுமே சொல்லல. 12 வருஷம் கழிச்சு 1871ல மனிதனின் தோற்றம் பத்தி எழுதின புக்லதான் இதை எடுத்தாரு. அதுல அவரு சொல்றது என்னன்னா, கூட்டமா வாழுற எந்த மிருகத்துக்கும் கூட்டத்தோட ஒட்டி இருக்கணும்கிற இயல்பு இருக்கும், குட்டி மேல பாசம், கூட இருக்கறதுக்கு அடிபட்டா துடிப்பு இதெல்லாம், அதோட மனுஷனுக்கு இருக்கற மாதிரி ஞாபகமும் யோசிக்கிற திறனும் சேர்ந்துச்சுன்னா மனசாட்சின்னு ஒண்ணு வந்தே தீரும்ங்கறாரு. ஏன்னா பசியோ கோவமோ வந்து போயிடும், பாசம் அங்கயேதான் இருக்கும், அந்த நேரத்துக் கோவத்துல பண்ணினதை அப்புறம் உக்காந்து நினைச்சுப் பார்க்கும்போது மனசு குத்தும், அந்தக் குத்தலைத்தான் நாம மனசாட்சிங்கறோம். நூத்தம்பது வருஷம் கழிச்சும் இதை வாசிக்கும்போது எனக்கு மனுஷனை இவ்ளோ கூர்ந்து கவனிச்சிருக்காரேன்னுதான் தோணும்.

ஆனா ஒரு இடம் அவருக்கே இடிச்சுச்சு. தன் உயிரைக் குடுத்து அடுத்தவனைக் காப்பாத்துறவன் பிள்ளை பெறாமலே செத்துப்போவான், அப்ப அந்தக் குணம் அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகும்? இதுக்கு நல்ல கணக்கு கிடைக்க 1964 வரைக்கும் ஆச்சு. வில்லியம் ஹாமில்டன் அந்த வருஷம் எழுதின பேப்பர்ல, நம்ம ரத்த சொந்தத்துக்குள்ளயும் நம்ம ஜீன்தான் பாதியோ கால்பங்கோ இருக்கு, அதனால சொந்தத்தைக் காப்பாத்துற குணம் பரவ முடியும்னு கணக்குப் போட்டுக் காட்டினாரு. 1971ல ராபர்ட் ட்ரிவர்ஸ், சொந்தமே இல்லாத ரெண்டு பேருக்குள்ள கூட, இன்னைக்கு நான் உனக்கு நாளைக்கு நீ எனக்குன்னு பழக்கம் வந்தா அதுவும் நிலைக்கும், ஏமாத்துறவனை ஞாபகம் வச்சு ஒதுக்குற அளவுக்குப் புத்தி இருந்தா போதும்னாரு. இது வெறும் பேப்பர் கணக்கு இல்ல. ரத்தம் குடிக்கிற வௌவால் ரெண்டு மூணு ராத்திரி சாப்பாடு கிடைக்கலேன்னா செத்துடும், கோஸ்டா ரிகால ஜெரால்ட் வில்கின்சன் பண்ணின ஆராய்ச்சி 1984ல வந்துச்சு, வயிறு நிறைஞ்ச வௌவால் பட்டினி கிடக்கறதுக்குத் தான் குடிச்ச ரத்தத்தைக் கக்கிக் குடுக்குது, அதுவும் சொந்தத்துக்கும் கூடவே பழகினதுக்கும்தான் குடுக்குது.

2003ல சாரா பிராஸ்னனும் ஃபிரான்ஸ் டி வாலும் கபுச்சின் குரங்குகளை வச்சுப் பண்ணினது யூட்யூப்லயே பார்த்திருப்பீங்க. ரெண்டு குரங்கும் ஒரே வேலையைத்தான் செய்யுது, ஒண்ணுக்கு வெள்ளரிக்காய் இன்னொண்ணுக்கு திராட்சை குடுத்தா, அதுவரைக்கும் வெள்ளரிக்காயை சந்தோஷமா தின்னுட்டிருந்தது இப்ப வாங்க மாட்டேங்குது, சில சமயம் தூக்கி வெளிய எறியுது. இதை நியாய உணர்வுன்னு சொல்லலாமா வெறும் ஏமாற்றமான்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்குள்ளயே இன்னும் சண்டை ஓடுது, ஆனா நம்மகிட்ட இருக்கறதோட ஏதோ ஒரு ஆரம்பம் அங்க இருக்குன்னு நினைக்காம இருக்க முடியல.

ஆக புலி மானை அடிக்கிறது மட்டுமே இயற்கைன்னு அந்தப் பேச்சாளர் சொன்னா அது பாதிதான். புலி தனியா திரியுற மிருகம். நம்ம வம்சம் கூட்டமா வாழ்ந்தது.

பழையபேப்பர்:

அந்த அண்ணன் கேட்ட கேள்விக்கு நூறு வயசு ஆகுது தம்பி. எனக்கு ரொம்ப நாளா ஆர்வமுள்ள விஷயம்ங்கறதால கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

1925 ஜூலை, அமெரிக்கால டென்னசி மாநிலம், டேட்டன்னு ஒரு சின்ன ஊர். அரசுப் பள்ளில மனுஷன் கீழ்நிலை விலங்குல இருந்து வந்தான்னு சொல்லிக்குடுக்கக் கூடாதுன்னு அந்த வருஷம்தான் பட்லர் சட்டம்னு ஒண்ணு போட்டிருந்தாங்க. ஜான் ஸ்கோப்ஸ்ங்கற 24 வயசு வாத்தியார் மேல கேஸ். அரசு தரப்புக்குத் துணையா வந்தவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், எதிர்த்தரப்புல கிளாரன்ஸ் டாரோ. ஸ்கோப்ஸ் குத்தவாளின்னு தீர்ப்பாகி 100 டாலர் அபராதம், பின்னாடி 1927ல மாநில உச்ச நீதிமன்றம் 50 டாலருக்கு மேல அபராதம்னா அதை ஜூரிதான் முடிவு பண்ணணும் ஜட்ஜ் பண்ணக் கூடாதுன்னு ஒரு சட்ட நுணுக்கத்தைக் காட்டி தீர்ப்பை ரத்து பண்ணிடுச்சு. இவ்ளோதான் கேஸ். பொதுவா இதைச் சொல்றவங்க பிரையனை ஒரு படிக்காத பழமைவாதி மாதிரி காட்டிட்டுப் போயிடுவாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல.

பிரையன் மூணு தடவை, 1896, 1900, 1908, டெமாக்ரடிக் கட்சிக்காக ஜனாதிபதி தேர்தல்ல நின்னவர். விவசாயி, தொழிலாளி பக்கம் நின்னு பேசினவர், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டவர், வெளியுறவு அமைச்சரா இருந்தப்ப நாடு போரை நோக்கிப் போகுதுன்னு 1915ல பதவியையே ராஜினாமா பண்ணினவர். இப்படிப்பட்ட ஆளு ஏன் டார்வினை எதிர்த்தாரு? வேத நம்பிக்கை ஒரு காரணம், ஆனா அதுக்குச் சமமா இன்னொண்ணு இருந்துச்சு. முதல் உலகப்போர்ல ஜெர்மன் ராணுவ அதிகாரிங்க, பலசாலி ஜெயிக்கிறதுதான் இயற்கை விதி, போர்ல ஜெயிக்கிற இனத்துக்குத்தான் வாழ உரிமைன்னு பேசினதை வெர்னன் கெல்லாக்னு ஒரு அமெரிக்க உயிரியலாளர், அவரே எவல்யூஷனை ஏத்துக்கிட்டவர், நேர்ல கேட்டு 1917ல புக்கா எழுதினாரு. அது பிரையனை உலுக்கிடுச்சு. 1924ல சிகாகோல ரெண்டு பணக்காரப் பசங்க, லியோபோல்ட், லோப், ஒரு சின்னப் பையனைக் கொன்னாங்க, அவங்களைத் தூக்குல இருந்து காப்பாத்தின வக்கீல் இதே டாரோதான், நீட்சேங்கற ஜெர்மன் தத்துவவாதி எழுதினதை யுனிவர்சிட்டில படிச்சுத்தான் லியோபோல்ட் இப்படி ஆனான்னு அங்க வாதாடியிருந்தாரு. டேட்டன் கோர்ட்ல பிரையன் அதே வாதத்தை எடுத்து வாசிச்சு, நான் சொல்றதைத்தானே நீங்களும் போன வருஷம் சொன்னீங்கன்னு டாரோவைப் பார்த்துக் கேட்டாரு. உங்க கூடுகைல அந்த அண்ணன் கேட்டது இதே கேள்விதான்.

இப்ப முக்கியமான விஷயம். ஸ்கோப்ஸ் கேஸ்ல சம்பந்தப்பட்ட பாடப்புத்தகம் ஜார்ஜ் ஹன்டர்னு ஒருத்தர் 1914ல எழுதினது. அதுல எவல்யூஷன் இருந்துச்சு, கூடவே மனுஷங்களை அஞ்சு இனமாப் பிரிச்சு வெள்ளைக்காரங்கதான் உச்சம்னு எழுதியிருந்துச்சு, மனவளர்ச்சி குறைஞ்சவங்க, குற்றப் பரம்பரைன்னு முத்திரை குத்தின குடும்பங்களை ஒட்டுண்ணின்னு சொல்லி, இவங்க மிருகமா இருந்தா பெருகாம இருக்கக் கொன்னிருப்போம், மனுஷங்கறதால பிள்ளை பெறாமத் தடுக்கணும்ங்கற அர்த்தத்துல எழுதியிருந்துச்சு. ஸ்கூல் பசங்களுக்கு! யூஜெனிக்ஸ்னு பேரு வச்சு அப்ப இதை சயின்ஸ்னே நம்பினாங்க. 1927ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேரி பக்ங்கற பொண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை பண்ணலாம்னு 8க்கு 1ன்னு தீர்ப்பு குடுத்துச்சு. எதிர்த்த அந்த ஒரே ஜட்ஜ் பியர்ஸ் பட்லர், கத்தோலிக்கர். 1930ல போப் 11ம் பயஸ் இந்தக் கட்டாயக் கருத்தடையை வெளிப்படையாவே கண்டிச்சாரு.

அதனால அந்தப் பயத்துல நியாயம் இருக்கான்னு கேட்டீங்கல்ல, 1925ல நிறையவே இருந்துச்சு. அதே பிரையன் 1924ல கட்சி மாநாட்டுல கு க்ளக்ஸ் க்ளான்ங்கற வெள்ளை இனவெறிக் கும்பலைப் பேர் சொல்லிக் கண்டிக்கக் கூடாதுன்னு பேசினவர்ங்கறதையும் சேர்த்தே சொல்லணும். பைபிள்ல படைப்பைச் சொல்ற ஆதியாகமத்தை நம்பினது அந்த இடத்துல அவருக்குத் துணிச்சல் குடுக்கல.

ஒலிவமரம்:

நான் சிருஷ்டிப்பை நம்புறவன், உங்க கூட்டத்துக்கு வந்த சகோதரர் பக்கம்தான் நிப்பேன், அதனால என் பக்கத்தையும் கேளுங்க.

டீச்சர் அம்மா எழுதினதை மரியாதையோட படிச்சேன், வௌவாலும் குரங்கும் பண்றதை நான் மறுக்கல. ஆனா அது எப்படி உணர்வு வந்துச்சுன்னு சொல்லுது, நான் ஏன் கட்டுப்படணும்ங்கற ரெண்டாவது கேள்விக்கு அங்க பதிலே இல்ல. இன்னும் சொல்லப்போனா டார்வினே தன் வாதத்துக்கு எதிரா ஒரு உதாரணம் வச்சிருக்காரு, அதே 1871 புக்ல. மனுஷங்க தேனீ மாதிரி வாழ்ந்திருந்தா, கல்யாணமாகாத பெண்கள் தங்களோட கூடப்பிறந்த அண்ணன் தம்பிகளைக் கொல்றதைப் புனிதமான கடமையா நினைச்சிருப்பாங்க, தாய் தான் பெத்த மகள்களையே கொல்லப் பார்ப்பா, யாரும் தடுக்க மாட்டாங்கன்னு எழுதியிருக்காரு. இதை நல்லா யோசிச்சுப் பாருங்க. நம்ம மனசாட்சி இப்படி இருக்கறது நாம வாழ்ந்த விதத்தால வந்த ஒரு தற்செயல்னா, வேற விதமா வாழ்ந்திருந்தா கொலையே கடமைன்னா, இன்னைக்கு என் மனசாட்சி சொல்றதை நான் எதை நம்பி ஏத்துக்கறது? உயிர் பிழைக்க உதவினதுங்கறதுதான் அதுக்கு ஆதாரம்னா, உயிர் பிழைக்கப் பொய்யும்தான் உதவுது.

"தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார்"ன்னு ஆதியாகமம் 1:27 சொல்லுது. புத்தி குறைஞ்சவனும், கை கால் வராதவனும், பிறக்காத குழந்தையும் சாகக் கிடக்கற கிழவியும் ஒரே விலைன்னு சொல்ல எனக்கு அந்த ஒரு வசனம் போதும். பழையபேப்பர் சொன்ன அந்தப் பாடப்புத்தகத்தை எழுதினவருக்கு அந்த வசனம் உண்மையிலயே உறைச்சிருந்தா அப்படி எழுதியிருக்க முடியுமா? அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் இந்த நம்பிக்கைல இருந்துதானே எழுந்து நின்னாரு?

சாரல்:

ஒலிவமரம் ஐயா, தேனீ கேள்வி ரொம்பக் கனமான கேள்வி, அதுக்கு வரேன். அதுக்கு முன்னாடி நீங்க வில்பர்ஃபோர்ஸ் பேரைச் சொன்னதால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா அந்தக் குடும்பத்துக் கதையே இந்த விவாதத்துக்குப் பாதி பதில் சொல்லுதுன்னு நான் நினைக்கிறேன்.

1860ல ஆக்ஸ்ஃபோர்டுல எவல்யூஷனை எதிர்த்துப் பேசின பிஷப் சாமுவேல் வில்பர்ஃபோர்ஸ், நீங்க சொன்ன வில்லியம் வில்பர்ஃபோர்ஸோட மகன். சரி, டார்வின் யாரு? 1787ல சங்கிலியோட முழங்கால் போட்டிருக்கற ஒரு கறுப்பின மனுஷன், "நான் மனிதன் இல்லையா, உன் சகோதரன் இல்லையா"ன்னு கேக்குற மாதிரி ஒரு பதக்கம் பண்ணி அடிமை ஒழிப்பு இயக்கத்துக்குக் குடுத்தாரே ஜோசயா வெஜ்வுட், அவரோட மகள் வயித்துப் பேரன். டார்வின் கப்பல் பயணத்துல பிரேசில்ல அடிமைங்க படுற பாட்டைப் பார்த்தாரு, ரியோ டி ஜெனிரோல எதிர்வீட்டுக் கிழவி அடிமைப் பெண்களோட விரலை நசுக்கத் திருகு ஆணி வச்சிருந்ததை எழுதியிருக்காரு, இனி ஒருநாளும் அடிமை நாட்டுக்கு வர வேண்டியதில்லன்னு கடவுளுக்கு நன்றின்னு எழுதியிருக்காரு, கேப்டன் ஃபிட்ஸ்ராயோட இதுக்காகவே சண்டை போட்டாரு. மனுஷன் எப்படி வந்தான்ங்கறதுல எதிர் எதிரா நின்ன ரெண்டு பக்கமும், மனுஷனை விக்கக் கூடாதுன்னு போராடின வீட்டுல வளர்ந்தவங்க.

இப்ப அமெரிக்காவைப் பாருங்க, ஒரே ஹார்வர்டு, ஒரே காலம். லூயி அகாசி அங்க பெரிய விலங்கியல் பேராசிரியர், கடைசி வரைக்கும், 1873ல சாகுற வரைக்கும், எவல்யூஷனை ஏத்துக்கவே இல்ல, ஒவ்வொரு உயிரினமும் கடவுளோட யோசனைல இருந்து தனித்தனியா வந்ததுன்னு நம்பினவர். அவரே மனுஷ இனங்களும் தனித்தனியாப் படைக்கப்பட்டவை, கறுப்பினத்தவங்க நமக்குச் சமம் இல்லன்னு எழுதினாரு, 1854ல அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கின ஒரு தடிமனான புக்ல அவரோட கட்டுரையும் போட்டாங்க. அதே ஹார்வர்டுல தாவரவியல் பேராசிரியர் ஆசா கிரே, பிரஸ்பிட்டேரியன் சபைக்காரர், ஆழமான விசுவாசி, அமெரிக்கால டார்வினுக்காக முதல்ல எழுந்து நின்னு பேசினவர் அவருதான், எவல்யூஷனுக்கும் கடவுள் நம்பிக்கைக்கும் முரண்பாடு இல்லன்னு 1860ல தொடர் கட்டுரை எழுதினாரு, டார்வின் தன் கைக்காசு போட்டு அதைத் தனி வெளியீடா அச்சடிக்க வச்சாரு. எவல்யூஷனை ஏத்துக்கிட்ட உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் ஜெர்மனில இனங்களை மேல கீழன்னு அடுக்கினாரு, அதையும் மறைக்கக் கூடாது.

ஆக, படைப்பை நம்பி அடிமை முறையை எதிர்த்தவங்க இருந்தாங்க, படைப்பை நம்பிக்கிட்டே இனவெறி பேசினவங்க இருந்தாங்க, எவல்யூஷன் பக்கத்துலயும் அப்படியே ரெண்டு வகையும் இருந்தாங்க. நெல்லைவாலிபன், உங்க பசங்ககிட்ட சொல்ல எனக்குப் பட்டது இதுதான்: மனுஷன் எங்கிருந்து வந்தான்ங்கற கதையை மாத்தினா மதிப்பீடு தானா மாறும்னு ரெண்டு தரப்பும் நினைக்குது, வரலாறு அப்படிக் காட்டல. ஹன்டரோட பாடப்புத்தகத்துல தப்பா இருந்தது எவல்யூஷன் இல்ல, இயற்கைல இப்படி நடக்குது அதனால நாமும் இப்படி நடக்கணும்ங்கற தாவல். இருக்கறதுல இருந்து இருக்கணும்ங்கறதுக்கு விளக்கமே சொல்லாம தாவிடுறாங்கன்னு தத்துவவாதி டேவிட் ஹ்யூம் 1740லயே பிடிச்சிருக்காரு. டார்வினுக்காக ஊர் ஊரா வாதாடின தாமஸ் ஹக்ஸ்லியே 1893ல ஆக்ஸ்ஃபோர்டு சொற்பொழிவுல, சமூகம் ஒழுக்கத்துல முன்னேறணும்னா இயற்கையோட போக்கைப் பின்பற்றக் கூடாது, அதோட மல்லுக்கு நிக்கணும்னு சொன்னாரு.

இப்ப தேனீ. ஐயா, நம்ம மனசாட்சி உருவான விதம் தெரிஞ்சா அது நம்ப முடியாததா ஆயிடும்ங்கறீங்க. கண்ணு கூடத்தான் பரிணாமத்துல வந்துச்சு, அதனால கண்ணுல படுறதெல்லாம் பொய்னு யாரும் சொல்றதில்ல, சில இடத்துல ஏமாத்தும், அதைத் திரும்பப் பார்த்து, தொட்டுப் பார்த்து, அடுத்தவங்ககிட்ட கேட்டுத் திருத்திக்கிறோம். மனசாட்சியையும் அப்படித்தான் திருத்தியிருக்கோம். சொந்தக்காரனுக்கு மட்டும் இரங்குறதுதான் ஹாமில்டன் கணக்குப்படி சுலபமா வர்றது. ஆனா டார்வின் அதே புக்ல, சின்னச் சின்னக் கூட்டங்கள் பெரிய சமூகமா சேரும்போது, முகம் தெரியாத நாட்டுக்காரன் மேலயும் இந்த இரக்கத்தை நீட்டணும்னு சாதாரண அறிவே சொல்லும், அதைத் தாண்டி எல்லா நாட்டுக்கும் எல்லா இனத்துக்கும் நீட்டறதைத் தடுக்கறது ஒரு செயற்கையான வேலி மட்டும்தான்னு எழுதியிருக்காரு. தடுப்பூசி போட்டு பலவீனமானவங்களையும் காப்பாத்துறோம், இது இனத்துக்குக் கெடுதல்னு எழுதின அடுத்த பத்திலயே, அந்த இரக்கத்தை நிறுத்தினா நம்ம இயல்புல இருக்கற மிக உயர்ந்த பகுதியே கெட்டுப்போயிடும்னும் எழுதினாரு. முதல் பத்தி எனக்குப் பிடிக்கல, நாகரிக இனங்கள் மத்த இனங்களை அழிச்சிடும்னு அதே புக்ல எழுதினதும் பிடிக்கல, ஆனா முழுசா வாசிச்சுட்டுத்தான் சொல்லணும்.

கடைசியா ஒண்ணு. கடவுள் சொன்னதாலதான் நல்லது நல்லதா ஆச்சுன்னா, அவர் நாளைக்குக் கொலை பண்ணச் சொன்னா அதுவும் நல்லதாயிடுமா? இல்ல, அவர் அப்படிச் சொல்லவே மாட்டாருன்னா, ஏன் சொல்ல மாட்டாரு? இது பிளேட்டோ காலத்துக் கேள்வி. தேனீ கேள்வி என் பக்கத்துக்கு எவ்வளவு கஷ்டமோ, இது உங்க பக்கத்துக்கு அவ்வளவு கஷ்டம்னு நினைக்கிறேன்.

ஒலிவமரம்:

சாரல், அதுக்கு எங்க பக்கத்துல ரொம்ப காலமா சொல்ற பதில், நன்மைங்கறது தேவனுக்கு வெளிய இருக்கற சட்டமும் இல்ல, அவரு நினைச்சபடி மாத்துற உத்தரவும் இல்ல, அவரோட குணமே அதுதான்ங்கறது. அவர் அன்பா இருக்கறதால அன்பு நல்லது. உங்களுக்கு இது திருப்தியா இருக்காதுன்னு தெரியும், எனக்கு இதுதான் நிக்கிற இடம். அகாசி கதையை மட்டும் நான் மறுக்கல. ஆனா அவரு வேதத்தை நம்பி அப்படி சொல்லலையே, ஆதாம் ஒருத்தன்ல இருந்துதான் எல்லாரும் வந்தோம்னு வேதம் சொல்றதை விட்டு விலகித்தானே தனித்தனிப் படைப்புன்னு சொன்னாரு? அப்போஸ்தலர் 17:26ல பவுல் எல்லா ஜாதியும் ஒரே இரத்தம்னு சொல்றாரு.

சாரல்:

அது உண்மைதான் ஐயா, அகாசியை அன்னைக்கு எதிர்த்த பாதிரிமார்களும் இதே வசனத்தைத்தான் காட்டினாங்க. கூடவே இன்னொண்ணு, எல்லா மனுஷனும் ஒரே மூதாதை வழின்னு டார்வினும் சொன்னாரு. இந்த ஒரு விஷயத்துல பவுலும் டார்வினும் ஒரு பக்கம், அகாசி எதிர்ப்பக்கம்.

கரிசல்மண்:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், நம்ம நாட்டு நிலைமையையும் சொல்லணும். இங்க இந்த விவாதமே நடக்காமப் போயிட்டிருக்கு. 2018ல மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சரா இருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை அறிவியல்படி தப்பு, குரங்கு மனுஷனா மாறினதை யாரும் பார்க்கலன்னாரு, நாட்டோட மூணு அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டாங்க. அப்புறம் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு சயின்ஸ் புக்ல மரபும் பரிணாமமும்னு இருந்த பாடத்துல பரிணாமத்தை எடுத்துட்டு மரபு மட்டும் வச்சாங்க, 2023ல 1,800 பேருக்கு மேல விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினாங்க. பிளஸ் டூல பயாலஜி எடுக்கறவங்களுக்கு மட்டும் பாடம் இருக்கு. சிபிஎஸ்இல பத்தாவதோட பயாலஜியை விட்ட பையனுக்கு டார்வின் பேரே ஏதாவது ஒரு கூட்டத்துல திட்டும்போதுதான் காதுல விழும். நெல்லைவாலிபன் கூடுகைல உக்காந்திருக்கற பசங்கள்ல எத்தனை பேர் அப்படியோ, முதல்ல எவல்யூஷன்னா என்னன்னு அரை மணி நேரம் சொல்லிட்டு அப்புறம் மதிப்பீடுக்குப் போங்க.

நெல்லைவாலிபன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பேர் இவ்ளோ விரிவா எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல. ரெண்டு தடவை வாசிச்சேன். எனக்கு இப்ப ஒரு விஷயம் தெளிவாயிருக்கு, உணர்வு எப்படி வந்துச்சுங்கறதுக்கு என் பாடத்துல பதில் இருக்கு, அதுக்கு ஏன் கட்டுப்படணும்ங்கறதுக்கு என் பாடம் மட்டும் போதாது, அங்க நான் விசுவாசியா நின்னுதான் பதில் சொல்லணும், அப்படிச் சொல்றதுக்காக ஜூவாலஜியைப் பொய்னு சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல. எங்க சார் வேற வேறன்னு சொன்னது இந்த அர்த்தத்துல இருந்தா ஒத்துக்கறேன், ஆனா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடவே தொடாதுன்னா ஒத்துக்க மாட்டேன், ஹாமில்டன் கணக்கு தெரிஞ்சா எனக்கு எங்க பாரபட்சம் வரும்னு தெரியும், சொந்தம், சாதி, ஊருன்னு எங்க என் மனசு தானா சாயும்னு தெரியும், அதைத் தெரிஞ்சுக்கறது விசுவாசிக்கும் நல்லதுதானே.

இந்த வாரம் கிரே, அகாசி ரெண்டு பேர் கதைல இருந்து ஆரம்பிக்கப் போறேன். செய்தி குடுத்த அண்ணனையும் வரச் சொல்லியிருக்கேன், வரேன்னுட்டாரு. சபைக்குள்ள இதை எப்படி எடுக்கறதுன்னு யாராவது சொன்னா நல்லாருக்கும், பெரியவங்க கோவிச்சுக்குவாங்களோன்னு ஒரு தயக்கம் இருக்கு.

உயிரியல்டீச்சர்:

நான் கத்தோலிக்கப் பள்ளில பாடம் நடத்துறவ, அதனால சொல்றேன். மனுஷ உடல் இதுக்கு முன்னாடி இருந்த உயிர்ல இருந்து வந்துச்சான்னு ஆராயறதுக்குத் தடை இல்லன்னு போப் 12ம் பயஸ் 1950லயே சொல்லிட்டாரு, ஆன்மா மட்டும் கடவுள்கிட்ட இருந்து நேரா வருதுன்னு. 1996ல போப் 2ம் ஜான் பால், எவல்யூஷன் வெறும் ஊகம்ங்கற நிலையைத் தாண்டிடுச்சுன்னு எழுதினாரு. உங்க சபை வேற, ஆனா விசுவாசத்தோட இதை ஏத்துக்கிட்டவங்க நிறைய பேர் இருக்காங்கன்னு காட்ட உதவும். எவல்யூஷன் இல்லாம உயிரியல்ல எதுக்கும் அர்த்தம் கிடைக்காதுன்னு 1973ல எழுதின உயிரியலாளர் டோப்ஜான்ஸ்கி, ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர், அதே கட்டுரைல தன்னை சிருஷ்டிப்பையும் நம்புறவன்னு சொல்லிக்கிட்டவர். பெரியவங்ககிட்ட முன்னாடியே போய் என்ன பேசப் போறோம்னு சொல்லிடுங்க தம்பி, மேடைல திடீர்னு கேட்டாதான் கோவம் வரும்.

பழையபேப்பர்:

ஒரு விண்ணப்பம் தம்பி. பிரையனைப் பத்திப் பேசும்போது டாரோ அவரை சாட்சிக் கூண்டுல ஏத்தி மடக்கினதை மட்டும் சொல்லி பசங்களைச் சிரிக்க வச்சுடாதீங்க. ஜூலை 20ம் தேதி கோர்ட்டுக்கு வெளிய புல்வெளில அது நடந்துச்சு, படைப்போட ஆறு நாளும் 24 மணி நேர நாளா இருக்கணும்னு இல்லன்னு அவரே அங்க ஒத்துக்கிட்டாரு, தீர்ப்பு வந்த அஞ்சாவது நாள் அதே டேட்டன்ல தூக்கத்துலயே இறந்துட்டாரு. கோர்ட்ல பேச முடியாமப் போன அவரோட கடைசி உரை அச்சுல வந்திருக்கு, அதுல டார்வினோட அந்தத் தடுப்பூசிப் பத்தியை எடுத்துத்தான் கொதிச்சிருக்காரு. அதையும் டார்வினோட அடுத்த பத்தியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பசங்களை வாசிக்கச் சொல்லுங்க. ஹன்டரோட 1914 பாடப்புத்தகம் காப்பிரைட் முடிஞ்சது, நெட்ல முழுசா ஃப்ரீயா கிடைக்குது, இனங்கள் பத்தின பக்கத்தையும் யூஜெனிக்ஸ் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க, நீங்க மொழிபெயர்த்து வாசிச்சாலே போதும், அதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது.